எழுப்பிவிடுகிற அக்கா

எங்கள் வரிசை வீடுகளில் பகலில் யாரும் நிம்மதியாகக் கண்ணயர முடியாது. யாராவது அசந்து தூங்குவது தெரிந்தால் அந்த அக்கா வந்து தட்டிவிடுவார்.

"ஏனுங்க, தூங்கறீங்களா?"

தூங்குகிறவரிடம் இப்படிக் கேட்டால் திட்டுதான் பதிலாக வரும். அவருக்கு அந்தத் திட்டே போதும். திட்டுகிறவருக்கு நினைவு இருக்கிறது, நாக்குக் குழறவில்லை, மூச்சு ஒழுங்காக வருகிறது. "சேரிங்க, தூங்குங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவார்.

ஒருமுறை சேலத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் மலையேறி ஏற்காட்டுக்கு வந்தோம். குழந்தைக்கு ஸ்வெட்டர் வாங்கப் போயிருந்தேன். நாலாவது வளைவு தாண்டியதும் எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த ஒருவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஆளைத் தூக்கிப் போடுகிறது, அவர் அசையவில்லை. அக்கா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அவர் தோளைத் தட்டினார்.

"ஏனுங்க, உங்க பேரு என்னங்க?"

அவர் திடுக்கிட்டு விழித்தார். "டிக்கெட் எடுத்தாச்சுங்க."

"டிக்கெட் கேக்கலீங்க. பேரு."

பெயரைச் சொன்னார்.

"எந்த ஊருக்குப் போறீங்க?"

"மாரமங்கலமுங்க. ஏனுங்க, நீங்க யாரு?"

"நானு சும்மாதானுங்க. நீங்க தூங்குங்க."

கண்டக்டருக்கு இது பழகிப்போன விஷயம். "ஏனக்கா, என்ற வேலையை நீங்க பாக்கறீங்களே, உங்க வேலையை நானு போய்ப் பாக்கட்டுமா?" என்றார்.

"போங்க. நூத்திருவது போர்வை ஊறிட்டுக் கெடக்குது" என்றார் அக்கா.

பஸ்ஸே சிரித்தது. நான் அவரைத் தெரியாதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது குழந்தையின் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். நான் முகம் திருப்பியதைக் கவனித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் துவைக்கிற இடத்தில் அவருக்கு வேலை. அதனால் லாண்டிரி அக்கா. ஐம்பது, ஐம்பத்திரண்டு வயதிருக்கும். சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். அவள் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்தது. சமையலறையிலிருந்து ஓடி வந்து மூக்கருகே விரலை வைப்பேன். போய் அடுப்பைப் பார்ப்பேன், மறுபடி வருவேன். "நீ வளக்கறயா, காவல் காக்கறயா?" என்பார் என் கணவர். நாகலூரிலிருந்து அம்மா வந்தால், "தூங்கற கொழந்தையைப் பாத்துட்டே இருந்தா கண்ணு பட்டுப்போகும்" என்று அதட்டுவார். அதனால் யாருக்கும் தெரியாமல் செய்யப் பழகியிருந்தேன். ஒரு நாள் தயிர் உறை கேட்டு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"எடுக்காத கண்ணு. பாரு, தப்பில்ல" என்றார். "ஆனா மூக்குகிட்ட வெரலக் கொண்டு போகாத. குளுந்த கையி, முழிச்சுக்கும். தள்ளி நின்னு நெஞ்சப் பாரு. ஏறி எறங்குதா, அவ்வளவுதான்."

இருவரும் தொட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தோம். ஏறி இறங்கியது. உறை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னைக் கேலி செய்யாத முதல் ஆள் அவர்தான்.

அவர் ஏன் அப்படி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் என்ன செய்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளிர் குழுக் கட்டிடத்தில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். லாண்டிரி அக்கா, குடியை விட்ட ஜீப் டிரைவர் ஒருவர், மெடிக்கல் ஷாப்காரர், இன்னும் சிலர். வலி மாத்திரையை மாவாக்கிக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வது கீழிருந்து மேலே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மலையில் இரண்டு மூன்று இளவயது சாவுகள் நடந்திருந்தன. எல்லாவற்றையும் மாரடைப்பு என்றுதான் வீட்டில் சொன்னார்கள். இவர்கள் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டு, மூச்சு நின்றுபோகிற ஆளுக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது எப்படி என்று கற்றுக்கொண்டார்கள். பழகிப் பார்ப்பதற்கு, கிழிந்த மெத்தையைச் சுருட்டி விரிப்பால் கட்டி ஒரு ஆளைப் போலச் செய்து, அக்கா தலையில் வைத்துக் கொண்டு வருவார்.

"ஆம்புலன்ஸ் வளைவு வளைவாத்தான் வரோணும். மூச்சு அதுக்காகக் காத்துட்டு இருக்காது" என்பார்.

ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு ஒட்டப் போனார்கள். கடைக்காரர் ஒருவர் தடுத்தார். "டூரிஸ்ட் வர்ற ஊருங்க. மாத்திரை, ஊசின்னு எழுதி வெச்சா யாரு ரூம் போடுவாங்க?" என்றார். அக்கா சண்டை போடவில்லை. அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு மிச்சத்தை ஒட்டினார். 'பலமாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறவரை எழுப்பிப் பாருங்கள். எழாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள்.' சுற்றுலா வந்தவர்கள் அதன் பக்கத்தில் நின்று, தூங்குவது போல வாயைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "எடுக்கட்டும். படிச்சுட்டுத்தானே எடுக்கறாங்க" என்றார் அக்கா.

அந்த வருடம்தான் என் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்.

அண்ணன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டியவர். வண்டி ஒரு வளைவில் சாய்ந்து இடுப்பில் அடி. அந்த வலிக்கு ஆரம்பித்த மாத்திரைதான். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. பிறகு ஊசி. சேலத்தில் ஒரு சிகிச்சை மையத்தில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தார். நாகலூரில் பழைய கூட்டாளிகள் இருப்பதால் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அம்மா சொன்னார். சம்மதித்தேன். சம்மதித்த பிறகு, குழந்தை இருக்கிற வீட்டில் சரியா என்று யோசித்தேன். அப்படி யோசித்ததற்காக வெட்கப்பட்டேன்.

வந்த வாரமே அம்மா அண்ணனைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினார். குடிக்கிறவர்கள் இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்களே, அந்தக் கயிறு. ஒரு வருடத்துக்கு. பூ வாங்கிக் கொடுத்து வழியனுப்பியது அக்காதான். ஆனால் அவர்கள் திரும்பி வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "கட்டினது நல்லதுங்க. அதோட ஒண்ணு சொல்லி வைங்க. ஒருக்கா தவறிப்போனா, சாமிக்குப் பயந்து ஒளிஞ்சுக்கக் கூடாது. யார்கிட்டயாவது வந்து சொல்லோணும்."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "கட்டின அன்னைக்கே தவறிப்போனான்னு வாயில வரலாமுங்களா?"

மறுநாள் அக்கா என்னைத் தனியாகப் பிடித்தார்.

"அம்மா சொல்ல மாட்டாங்க. நீ படிச்ச புள்ள, நீ சொல்லு கண்ணு. நாப்பது நாளு ஒடம்பு சும்மா இருந்திருக்குது. முன்னத் தாங்கின அளவ இப்பத் தாங்காது. போட்டா மூச்சு நின்னுரும். எப்பவாச்சும் மனசு தவறினா பழைய அளவத் தொடாதீங்க, தனியாப் போடாதீங்க, தாப்பா போட்டுக்காதீங்கன்னு சொல்லிரு."

"சரிங்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? விட்டுவிட்டு வந்திருக்கிறவரிடம், போடும்போது இப்படிப் போடுங்கள் என்று தங்கையே சொல்லிக்கொடுப்பதா? சொன்னால் நினைவுபடுத்தியது போலாகிவிடும், நம்பவில்லை என்றாகிவிடும். அண்ணன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜீப் ஓட்டுவது போல் சத்தம் எழுப்பி விளையாடுவார். அதைப் பார்த்ததும் இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடுவேன். அக்கா தினமும் கேட்பார், "சொல்லிட்டயா கண்ணு?" நான் குழந்தை அழுகிறாள் என்று உள்ளே போய்விடுவேன். ஒன்பது நாள் இப்படிப் போனது.

பத்தாம் நாள் காலை விளக்கேற்றும்போது சாமி படத்துக்குக் கீழே கயிறு கிடந்தது. அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. குளிக்கக் கழற்றியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு பூ எடுத்து அதன் மேல் வைத்தேன்.

மதியச் சாப்பாடு வேண்டாம் என்று அண்ணன் முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தவர். எனக்கு நிம்மதியாக இருந்தது. குழந்தையும் தூங்கிவிட்டாள். வெளியே பனி இறங்கி, எதிர் வீடே தெரியவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ நாளாயிற்று. ஒரு டம்ளர் காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்த அக்கா வாசலில் நின்றார்.

"அண்ணன் எங்க கண்ணு?"

"தூங்கறாருங்க்கா. எழுப்ப வேண்டாங்க. மூணு நாளு தூங்கல."

சொல்லிக்கொண்டே கதவு நிலையில் கையை வைத்து வழியை மறித்தேன். இந்த ஒரு நாள் அவரை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் எண்ணம். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். குறட்டை வந்தது. நின்றது. நெடுநேரம் கழித்து, தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல மறுபடி வந்தது.

என் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் என்னிடம் பலம் காட்டியது அந்த ஒரு முறைதான்.

அண்ணனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா கன்னத்தில் அறைந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், விரல் முட்டியை நெஞ்சு எலும்பில் வைத்து அழுத்தித் தேய்த்தார். கண் திறக்கவில்லை. மெத்தைக்கு அடியில் ஊசி இருந்தது. அப்போதுதான் வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன். கயிற்றோடு ஊசி போட்டுக்கொண்டால் சாமி குற்றம் என்று கழற்றி மடித்து வைத்திருக்கிறார். நான் அதற்குப் பூ வைத்திருக்கிறேன்.

"நம்ம குழு ஜீப் டிரைவருக்குப் போன் பண்ணு. பண்ணிட்டு இங்க வந்து எண்ணு."

"என்ன எண்ணறதுங்க்கா?"

"ஒண்ணு ரெண்டு மூணு. சத்தமா. அஞ்சு வந்ததும் நானு ஊதறேன். மறுபடி ஒண்ணுலிருந்து எண்ணு."

எண்ணினேன். ஒவ்வொரு ஐந்துக்கும் அண்ணனின் மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்கா ஊதினார். நெஞ்சு ஏறியது, இறங்கியது. உள்ளே குழந்தை விழித்து அழ ஆரம்பித்தாள். அவள் பிறந்த பிறகு அவள் அழுது நான் எழுந்து போகாதது அதுவே முதல் தடவை. அழுகைக்கு மேல் குரலை உயர்த்தி எண்ணினேன். ஜீப் வந்தது. பனியில் முகப்பு விளக்கு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி போகும்வரை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஐந்து ஐந்தாக எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து ஊசி போட்ட சில நிமிடங்களில் அண்ணன் கண் திறந்து, "யாரு?" என்றார். அக்கா, "திட்டோணும்னா திட்டிக்குங்க சாமி" என்றார். இந்த மாற்று மருந்தின் வேகம் இறங்கினால் மூச்சு மறுபடி சிக்கலாம், இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கயிற்றுக்குப் பூ வைத்ததைச் சொன்னேன். ஒன்பது நாளாகச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அவர் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். கீழுதடு பல் பட்டுக் கிழிந்திருந்தது.

"என்ற பையனும் குறட்டைதான் விட்டான்" என்றார். "நல்லாத் தூங்கறான், எழுப்பக் கூடாதுன்னு கதவச் சாத்திட்டுப் போயித் துணி காயப்போட்டேன். வெயிலு நல்லா இருந்துது அன்னைக்கு."

அதற்குமேல் அவர் மகனைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

"நான் முன்னயே சொல்லியிருந்தா அண்ணன் கேட்டிருப்பாருங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒன்றை அவர் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

"தெரியாது கண்ணு. இப்பச் சொல்லு" என்றார்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். புதுக் கயிறு வாங்கி வந்திருந்த அம்மா பக்கத்தில் இருந்தார். "அண்ணா, இனி எப்பவாச்சும் தவறுச்சுன்னா பழைய அளவத் தொடாதீங்க. தனியா இருக்காதீங்க. கதவத் தாப்பா போடாதீங்க. என்கிட்டச் சொல்ல முடியலன்னா அக்காகிட்டச் சொல்லுங்க." என் குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலிருந்தது. அம்மா, "ஒரு தங்கச்சி பேசற பேச்சா இது?" என்று அழுதார். சொன்னது சரியா என்று அன்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா இப்போது ஏற்காட்டில் இல்லை. மூட்டு வலி முற்றி, குப்பனூரில் மகள் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டார். "மத்தியானம் யாரையும் தூங்க விடறதில்லீங்க" என்று மகள் போனில் குறைபட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இங்கே நடக்கிறது. நானும் போகிறேன். ஊதுவதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை, எண்ணுவேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஆஸ்பத்திரி நாள் அல்ல. அதற்கு எட்டு மாதம் கழித்து, அண்ணன் மறுபடி ஜீப் ஓட்டப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் ஒரு நாள். காலை பதினொரு மணிக்கு அவர் போன் செய்தார்.

"கண்ணு, பதறாத. அண்ணன் இங்க எங்கூடத்தான் இருக்காரு. வேலை முடிஞ்சா வா."

வேலையை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விடுதிக்குப் பின்னால் கொடிகளில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் அண்ணனும் அக்காவும் எதிரெதிராக நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் கண்கள் சொருகியிருந்தன.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாத்திரை போட்டுட்டாராம். போட்ட கையோட நேரா இங்க வந்து சொல்லிட்டாரு" என்றார். மகன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று தெருவுக்குச் சொல்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "டாக்டர்கிட்டப் பேசியாச்சு. ஆளு கண்ணுலயே இருக்கோணும், தூங்க விடாதீங்க, இப்ப வண்டி அனுப்பறேன்னாரு."

எட்டு மாதம். அம்மாவிடம் சொன்னால் எல்லாம் போயிற்று என்பார். எனக்கும் அழுகைதான் வந்திருக்க வேண்டும். அண்ணன் என்னைப் பார்க்காமல் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்பிலயா வந்தீங்கண்ணா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"இல்ல அம்மிணி. வண்டி ஓட்டக்கூடாதுன்னு நடந்துதான் வந்தேன்."

"கேட்டுக்க" என்றார் அக்கா. பிறகு அவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சாமி. அந்த பெங்களூருக்காரங்க ஜீப்புல கொரங்கு ஏறிக்கிச்சு. அப்பறம்?"

அண்ணன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். குரங்கு ஒரு அம்மாவின் கைப்பையைத் திறந்ததைச் சொன்னார். வார்த்தை நின்றபோதெல்லாம் அக்கா "அப்பறம்?" என்றார். நடுவில் அண்ணனின் கை தளர்ந்து விரிப்பின் ஒரு முனை நழுவியது. நான் குழந்தையை இறக்கிவிட்டுப் போய், அது தரையில் படுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.